ஒரே பெட்டிக்குள் ஆறு ஆபிஸ்

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஆபிஸில் கணினிக்கென்று ஒதுக்கிய அறை, அதற்கு முன்னால் உரச்சாக்கு அடுக்கிய அறை. வெள்ளையடித்த பிறகும் உர வாடை போகவில்லை. மழைக்காலத்தில் இன்னும் தூக்கலாக அடிக்கும். பெரிய கிளாக்கரும் மற்ற எழுத்தர்களும் முன்பக்கம் கண்ணாடி ஜன்னல் வைத்த அறையில் இருந்தார்கள். நான் பின்னால். தேத்தண்ணீர் வரும்போது அவர்களுக்குப் பீங்கான் கோப்பை, எனக்கு எவர்சில்வர் டம்ளர். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை. தானாக அப்படி நடந்தது.

இதையெல்லாம் இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். அப்போது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பாவுக்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. நான் உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், ஹட்டனில் ஒரு கணினி வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் தோட்டம் உட்பட அந்த வட்டாரத்தில் ஆறு தோட்டங்களை ஒரே கம்பெனி வைத்திருந்தது. ஆறிலும் செக்ரோலைக் கணினியில் போடுவதென்று முடிவு செய்து, தோட்டத்துக்கு ஒரு பெண்ணை எடுத்தார்கள். யார் இன்றைக்கு வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து, முழுநாள் கூலிக்கு முழுப்பேரா, பாதிக் கூலிக்கு அரைப்பேரா என்று பதிவதுதான் செக்ரோல். சம்பளம் முழுக்க அதில்தான் நிற்கிறது. ஆறு பெண்களும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள். எங்களை எடுத்தது எங்கள் மேல் உள்ள அன்பினால் என்று பல பேர் நினைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்கூட ஒரு கூட்டத்தில் அப்படித்தான் பேசினார். நகரத்துப் பிள்ளைகள் அந்தச் சம்பளத்துக்கு அவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை.

காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு லயத்தைக் கடக்கும்போது எனக்கு வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். "கம்பியூட்டர் புள்ள போகுது" என்பார்கள். அதில் கொஞ்சம் கேலி, கொஞ்சம் ஆசை.

ஹட்டனில் கம்பெனியின் வட்டார ஆபிஸ் இருந்தது. அங்கே கணினிப் பொறுப்பில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். மனைவி அங்கேயே ஒரு பாடசாலையில் ஆசிரியை. மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தோட்டமாக வருவார். நாங்கள் அவரை சேர் என்போம். என் வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அவர் சொல்லித் தந்தது. அதை மறைக்க முடியாது.

முதல் தடவை வந்தபோதே ஒரு வெளி டிஸ்க்கை என் கையில் தந்தார். உள்ளங்கை அளவு, கறுப்பு நிறம்.

"இது எப்பவோ ஒரு நாள் சாகும் பிள்ளை," என்றார், என் கணினியைக் காட்டி. "அண்டைக்கு அழாமல் இருக்க வேணுமெண்டால் வெள்ளிக்கிழமையிலை வெள்ளிக்கிழமை முழுக்கோலத்தையும் இதுக்குள்ளை எடுத்து வையும். கணக்கு மட்டும் இல்லை. வின்டோஸ், புரோகிராம், நீர் திரையிலை போட்டிருக்கிற படம், எல்லாம். அச்செடுத்த மாதிரி."

"எங்க சேர் வைக்கிறது? அலுமாரியிலயா?"

"ஆபிஸ் எரிஞ்சால் அலுமாரியும் எரியுமல்லோ. வீட்டை கொண்டு போம்."

அப்படித்தான் அந்த டிஸ்க் எங்கள் லயத்து அறைக்கு வந்தது. துணியில் சுற்றி, என் உடுப்புப் பெட்டிக்குள் வைத்தேன். அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா ஆபிஸ் இருக்கு?"

"ஆமாப்பா. நம்ம எல்லாரு பேரும் இருக்கு."

"சும்மா இரு," என்றார். ஆனால் திருப்பித் தரும்போது இரண்டு கையாலும் தந்தார்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் இடி விழுந்தது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் இடி புதிதில்லை. வானம் கறுத்தால் மலையில் கொழுந்து எடுப்பவர்கள் அதை நிறுக்கும் மடுவத்துக்கு ஓடி வருவார்கள், அரை மணியில் விட்டுவிடும். அன்று ஆபிஸுக்குப் பின்னால் இருந்த கம்பத்தில் விழுந்தது. ஒரு வெள்ளை வெளிச்சம். காது அடைத்துவிட்டது. நான் கதிரையை விட்டுத் தரையில் இருந்தேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கணினிக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை வந்தது. தொலைபேசியும் செத்துவிட்டது.

பெரிய கிளாக்கர் ஓடிவந்து, என்னைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தார்.

"ஐயோ புள்ள! சம்பள நாள் வருதே. கணக்கெல்லாம் போச்சா?"

"கணக்கு இருக்குங்க ஐயா. வீட்ல இருக்கு."

"வீட்லயா?" என்று கேட்டார். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி இல்லை, கோபம். லயத்து அறையில் ஆபிஸ் இருப்பதா என்கிற கோபம். பிறகு யோசித்தார். தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையிடம் சொல்லி, அடுத்த நாள் காலையிலேயே என்னை ஹட்டனுக்கு அனுப்பினார்.

டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு தலவாக்கலை வழியாக பஸ்ஸில் போனேன். கூடவே எரிந்த கணினியின் பின்னாலிருந்து ஒரு சின்னச் சாவியையும் கழற்றி எடுத்திருந்தேன். சாவி என்றால் பிளக் மாதிரி ஒன்று. பிரின்டர் வயர் செருகும் இடத்தில் அது இருந்தால்தான் செக்ரோல் புரோகிராம் ஓடும். திருட்டுப் பிரதி எடுக்காமலிருக்க அதை விற்றவன் செய்த ஏற்பாடு. விற்றவன் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டான்.

சேர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தார்.

"இந்த மாடல் மதர்போர்ட் இப்ப கொழும்பிலையும் இல்லை. வேற கம்பியூட்டரிலை இதைக் கொண்டுபோய்ப் போட்டால் எழும்பாது."

"அப்ப என்னா சேர் செய்றது?"

"பெட்டி இல்லாமல் எழுப்பிப் பாப்பம்."

கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த பெரிய கணினி ஒன்று அங்கே இருந்தது. அதற்குள் ஒரு மென்பொருள். அது இல்லாத ஒரு கணினியை இருப்பதாகக் காட்டும். நினைவகம், டிஸ்க், திரை எல்லாம் பாவனை. அந்தப் பாவனைப் பெட்டிக்குள் என் டிஸ்க்கில் இருந்த அச்சைக் கொண்டுபோய் வைத்தால், என் பழைய கணினி தனக்கு ஒன்றும் நடக்காதது போல எழுந்துகொள்ளும் என்றார். வேர்ச்சுவல் மெஷின் என்றார். மெய்நிகர் இயந்திரம் என்ற தமிழைப் பின்னால்தான் படித்தேன்.

அது சொன்னபடி எழுந்துகொள்ளவில்லை. அச்சை அந்த மென்பொருளுக்கு ஏற்ற மாதிரி மாற்றவே மத்தியானம் ஆகிவிட்டது. தொடக்கினால் வின்டோஸ் படம் வரும், உடனே நீலத்திரை, திரும்ப முதலிலிருந்து. எத்தனை தடவை பார்த்தோம் என்று தெரியாது. சேர் சாப்பிடப் போகவில்லை. எனக்கும் பசிக்கவில்லை.

"பழைய வீட்டுக்காரனைப் புது வீட்டுக்குள்ளை விட்டிருக்கிறம். அவன் பழைய இடத்திலை கதவைத் தேடுறான்," என்றார். பாவனை டிஸ்க்கை வேறு வகையாக, பழைய கணினிகளில் இருப்பது போல மாற்றினார். திரும்பத் தொடக்கினார். நீலத்திரை வரவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, என் திரை வந்தது.

அந்த நிமிடத்தை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. என் ஐகன்கள் நான் வைத்த வரிசையிலேயே இருந்தன. பின்னால் என் அம்மாவின் படம். கொழும்பில் வேலை செய்த என் அண்ணன் கொண்டுவந்த கமராவில் எடுத்தது, தலையில் கூடைக் கயிறு, பின்னால் பனி. உரவாடை அறையில் செத்துப்போன கணினி, ஹட்டனில் ஒரு கண்ணாடிச் சதுரத்துக்குள் உயிரோடு இருந்தது. சாவியைப் பெரிய கணினியின் பின்னால் செருகினோம். செக்ரோல் திறந்தது. நான் அழுதுவிட்டேன். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கெட்டிக்காரி. வெள்ளிக்கிழமை தவறாமல் எடுத்திருக்கிறீர்," என்றார்.

சம்பளம் சொன்ன தேதிக்குக் கொடுபட்டது. தோட்டத்தில் யாருக்கும் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

நானே ஹட்டனுக்குப் போய் வந்து வேலை செய்துகொண்டிருந்த அந்த நாட்களில் கொழும்பிலிருந்து ஒரு மெனேஜர் வந்தார். சேர் அவருக்கு ஆங்கிலத்தில் எல்லாம் விளக்கினார். என்னைத் திரையைக் காட்டச் சொன்னார்கள். மெனேஜர் அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார், இது நம் கம்பெனி கலண்டரில் வந்த படமா என்று.

"இல்லை சேர். என் அம்மா."

"ஹரி ஹொந்தாய்," என்றார். மிக நல்லது. அம்மாவைச் சொன்னாரா, படத்தைச் சொன்னாரா தெரியாது. பிறகு சேர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். சேர் நிமிர்ந்து, முகம் மலர்ந்து, "யெஸ், யெஸ், ஓல் சிக்ஸ்," என்றார். ஆறையும் கொண்டுவர முடியும். அது மட்டும் எனக்கு விளங்கியது.

மற்ற ஐந்து தோட்டத்துக் கணினிகளையும் அச்செடுத்து வரும் வேலையை எனக்குத் தந்தார்கள். கம்பெனி ஜீப் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு ஆபிஸிலும் என்னைப் போல ஒருத்தி. டிஸ்க் சுற்றி முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து கதைப்போம். அடுத்த தோட்டத்துப் பெண் என்னோடு ஹட்டனில் படித்தவள், நல்ல சினேகிதி. அப்பா இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"இது எதுக்குடி எடுக்கிற?" என்று கேட்டாள்.

"இடி விழுந்தாலும் உன் மெஷின் சாகாது. அதுக்குத்தான்."

எனக்குச் சொன்னதை நான் சொன்னேன். அவள் எனக்குப் பாணும் சம்பலும் தந்தாள். போகும்போது ஜீப் வளைவு திரும்பும் வரை கை காட்டினாள்.

என் உரவாடை அறைக்குப் புதுக் கணினி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மே போய் ஜூன் வந்தது. ஆறு தோட்டத்துக் கணினிகளும் ஹட்டனில் அந்த ஒரே பெட்டிக்குள் ஓடுகின்றன, அதைப் பார்க்க கொழும்பிலிருந்து இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள், தோட்டங்களிலிருந்து செக்ரோல் தாள்களைப் பின்னேரம் லொறியில் அனுப்பிவிட வேண்டும் என்று பெரிய கிளாக்கர்தான் ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த கடதாசிகள்.

"அப்ப எனக்கு என்னா வேலைங்க ஐயா?"

"தொர சொல்லிட்டாரு புள்ள. இந்த மாசத்தோட ஆபிஸ்ல ஆள் தேவையில்லையாம். ஆறு தோட்டத்துலயும் அப்படித்தான். ஒனக்கு இஷ்டம்னா கொழுந்தெடுக்க மலையில பேர் பதிஞ்சுக்கலாம்னாரு."

"நான் தானங்க ஐயா அத எழுப்பிக் குடுத்தேன்."

"அது தெரியும் புள்ள. யாரு இல்லைங்கிறா?"

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். அன்று பின்னேரம் தேத்தண்ணீர் எனக்குப் பீங்கான் கோப்பையில் வந்தது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஹட்டனுக்குப் போய் சேரைப் பார்த்தேன். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சேர்?"

"அச்செடுக்க உம்மை அனுப்பேக்கை தெரியாது. பிறகு தெரியும்."

"அந்த ரெண்டு வேலையில ஒண்ணு எனக்குத் தரக் கூடாதா? அந்தப் பையன்களுக்கு செக்ரோல்னா என்னான்னே தெரியாதே."

"கேட்டனான் பிள்ளை. அவை தங்கடை ஆக்களைத்தான் கொண்டு வருவினம். நான் கனக்கக் கதைச்சால் என்னையும்..." என்று நிறுத்தினார். "நான் எத்தினை தரம் வீடு வாசலை விட்டு ஓடினனான் தெரியுமோ? இனியும் ஓட எனக்கு ஏலாது. நீர் இளம் பிள்ளை. உமக்கு எங்கையும் வேலை கிடைக்கும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஓடியவர்தான், இழந்தவர்தான். ஆனால் ஓடுவதற்கு ஓர் இடமும், விட்டுவர ஒரு வீடும் இருந்த மனிதர். நாங்கள் இருந்த அறையின் சுவர்கூடக் கம்பெனியுடையது. "சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இன்றைக்கும் அந்த 'சரிங்க' எனக்குக் கசக்கிறது.

தலவாக்கலை பஸ் நிலையத்தில் என் சினேகிதியைக் கண்டேன். அவளுக்கும் வேலை போயிருந்தது. நான் கிட்டப் போனதும் சொன்னாள், "நீதானடி வந்து எடுத்துட்டுப் போன. ஜீப்புல வந்து எடுத்துட்டுப் போன." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வேலையும் போய்விட்டது என்று சொன்னேன். அவள் அதைக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

மலையில் பதியாதே என்று அம்மா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அம்மா நேர்மாறாகச் சொன்னார். "பதிஞ்சுக்க. சும்மா இருந்தா ஊரு பேசும். கம்பெனிக்காரன் லயத்துக் காம்பராவையும் காலி பண்ணச் சொல்லுவான்." அப்பா கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த வாரம் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட நின்றபோது கங்காணி, "வாங்க கம்பியூட்டரம்மா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பில்லை. அதனால் அதை எதிர்க்கவும் முடியவில்லை. கொழுந்து எடுக்க எனக்கு நன்றாக வராது. அம்மா தன் கூடையிலிருந்து என் கூடைக்குள் அள்ளிப் போடுவார், கங்காணி வேறு பக்கம் பார்க்கும்போது.

முதல் மாதச் சம்பளச் சீட்டில் நான் முழுப்பேர் எடுத்த நாட்களில் சிலது அரைப்பேர் என்று விழுந்திருந்தது. எனக்கு மட்டும் இல்லை, தோட்டத்தில் எங்கள் பகுதியான டிவிசனில் பல பேருக்கு. ஹட்டனில் யாரோ தாளின் வரிசையைப் பிழையாகப் பார்த்து அடித்திருக்கிறார்கள். பார்த்தவுடனேயே எந்தத் திரையில் எந்தப் பிழை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய கிளாக்கரிடம் போனோம். "அது இப்ப ஹட்டன்ல. இங்க ஒண்ணும் செய்ய ஏலாது. அடுத்த மாசம் பாப்போம்," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். மாதக் கணக்கை மூட அந்த புரோகிராம் ஒரு கடவுச்சொல் கேட்கும். எங்கள் தோட்டத்து மெஷினுக்கு அதை வைத்தவள் நான். அதுவரை ஒரு மாதத்தையும் அந்தப் பையன்கள் சரியாக மூடவில்லை. இப்போது வழியில்லாமல், பெரிய கிளாக்கரே லயத்துக்கு வந்து வாசலில் நின்றார். கையில் தன் செல்போன்.

"ஹட்டன்லருந்து பேசுறாங்க புள்ள. அந்தச் சொல்லக் கேக்குறாங்க."

"என் வேலையத் தந்தா சொல்றேன்னு சொல்லுங்க."

அதை அவர் போனில் சொல்வதற்கு முன்பே அப்பா என் கையைப் பிடித்தார். "குடுத்துரு புள்ள," என்றார். "இங்கதான இருக்கோம். இங்கதான இருக்கணும்."

போனை வாங்கினேன். மறுபக்கம் சின்ன வயதுக் குரல், உடைந்த தமிழ். கம்பெனித் தாள்களில் எங்கள் டிவிசனுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. நாங்கள் கூப்பிடும் பெயர் வேறு, எந்தத் தாளிலும் இல்லாதது. அதைத்தான் ஆங்கில எழுத்தில் கடவுச்சொல்லாக வைத்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவன் பிழையாக அடித்தான். திரும்பச் சொன்னேன்.

"இது என்ன வேர்ட்?" என்று கேட்டான்.

"எங்க எடம்," என்றேன்.

அவன் ஓகே என்றான். மாதம் மூடிவிட்டது போலிருக்கிறது. நன்றி சொல்லாமல் வைத்தான். பெரிய கிளாக்கர் போனை வாங்கித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த தைப்பொங்கல் முடிந்து கொழும்புக்குப் போனேன். முதலில் துணிக்கடை, பிறகு கணினி திருத்தும் ஒரு கடை, பிறகு ஒரு கம்பெனி. கடைசியில் எனக்குச் சாப்பாடு போட்டது சேர் சொல்லித்தந்த அதே வேலைதான். செத்த கணினிகளைப் பெட்டிக்குள் எழுப்புவது. அவர் கனடாவுக்கு மகனிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

சில வருடங்கள் கழித்து நல்லதண்ணி சீசனில் ஊருக்கு வந்தபோது, ஹட்டன் பஸ் நிலையம் முழுக்க சிவனொளிபாதமலைக்குப் போகும் கூட்டம். அதற்குள் என் சினேகிதி நின்றாள். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். கையில் பெரிய பை. உடம்பு இளைத்திருந்தது. என்னைக் கண்டும் முகத்தைத் திருப்பவில்லை.

"என்னா பண்ற இப்ப?"

"கொழும்புல. ஒரு கம்பெனியில."

"கம்பியூட்டர் வேலையா?"

"ஆமா. பேக்கப் எடுக்கிறது, எழுப்புறது."

அவள் சிரித்தாள். சிரிப்பில் பழைய ஆள் கொஞ்சம் தெரிந்தது. "அங்க எத்தன பேரு வேலை போயி வீட்டுக்குப் போனாங்க?" என்று கேட்டாள்.

அவள் பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். அந்த பஸ் எங்கள் தோட்டப் பக்கமும் போகும், இடமும் இருந்தது. நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.